அம்பாசிடருக்கு எந்த இக்னிஷன்: பாயிண்ட்டா, சிப்பா?

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இன்டர்நெட்டில் முதலில் தேடிப் பார்ப்பது பெரும்பாலும் தங்கள் வீட்டில் இருக்கிற பொருளைப் பற்றித்தான். தஞ்சாவூர்ப் பக்கம் கொட்டகையில் பழைய அம்பாசிடர் நிற்கும் வீடு என்றால், எலக்ட்ரானிக் இக்னிஷன் என்று டைப் செய்தவுடன் திரை நிறைய விளம்பரங்கள் வந்து நிற்கும். பாயிண்ட்டைக் கழற்றி எறியுங்கள், லேப்டாப்பிலேயே டைமிங் செட் செய்யுங்கள் என்று ஆசை காட்டும். எதை வாங்குவது, முதலில் வாங்கத்தான் வேண்டுமா என்று முடிவு செய்ய, ஒரு ஸ்விட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும். அதே வகை ஸ்விட்ச்தான் உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசருக்குள்ளும் கோடிக்கணக்கில் இருக்கிறது.

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்வோம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957 முதல் 2014 வரை தயாரித்த கார் அம்பாசிடர். நான் இங்கே பேசுவது அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் வண்டியைப் பற்றி. உங்களுடையது டீசல் அம்பாசிடர் என்றால் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாம். டீசலுக்கு ஸ்பார்க்கே தேவையில்லை. பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் இந்த விளக்கம் பொருந்தும். அளவுகள் மட்டும் மாறும்.

ஆன், ஆஃப்: அவ்வளவுதான்

பம்பு செட் ஸ்டார்ட்டரை நிறுத்தும்போது உள்ளே நீலப் பொறி தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுருளில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால் வோல்டேஜ் எகிறும். இக்னிஷன் காயிலில் இதைத்தான் வேண்டுமென்றே செய்கிறோம். பாட்டரியின் 12 வோல்ட் காயிலின் முதல் சுருளில் ஓடி அதைக் காந்தமாக்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் திறந்தவுடன் அந்த ஓட்டம் அறுபடுகிறது. இரண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து ஸ்பார்க் பிளக்கில் பொறியாகிறது. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து, 1910 வாக்கில் காடில்லாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. உங்கள் அம்பாசிடரில் இருப்பதும் அதுவேதான்.

இனி எக்ஸெல் திறந்திடவும். ஏ வரிசையில் இன்ஜின் ஆர்.பி.எம். எண்களாக 600, 2000, 3000, 4500 என்று டைப் செய்திடவும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க். எனவே பி வரிசையில் ஏ எண்ணை 30-ஆல் வகுத்தால் ஒரு செகண்டுக்கு எத்தனை ஸ்பார்க் என்று கிடைக்கும். சி வரிசையில் 1000-ஐ பி எண்ணால் வகுத்தால், ஒரு ஸ்பார்க்குக்குக் கிடைக்கும் நேரம் மில்லி செகண்டில் வரும். பாயிண்ட் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் மூடியிருக்கும். டி வரிசைக்கு சி எண்ணை 2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்திடவும். காயில் நிரம்பக் கிடைக்கும் நேரம் அதுதான்.

விடையைப் பாருங்கள். 600-ல் செகண்டுக்கு 20 ஸ்பார்க். காயிலுக்கு 33 மில்லி செகண்ட். 3000-ல் 100 ஸ்பார்க், 6.7 மில்லி செகண்ட். 4500-ல் 150 ஸ்பார்க், வெறும் 4.4 மில்லி செகண்ட். 3 ஓம், 10 மில்லி ஹென்றி காயில் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 2000-ல் காயில் 95 சதவீதம் நிரம்பிவிடும். 4500-ல் முக்கால் பங்கைத் தொடுவதே கஷ்டம். எலக்ட்ரானிக் இக்னிஷன் விளம்பரங்கள் சொல்லும் 'பவர்' எல்லாம் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. வாய்க்கால் ஓரச் சாலையில், பாதி ரோட்டில் நெல் காய்கிற நாளில், யார் அம்பாசிடரை 4500-ல் ஓட்டப் போகிறார்கள்? எனவே பவருக்காக மட்டும் மாற்றுவதாக இருந்தால் பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவதற்கு உண்மையான காரணம் தேய்மானம். பாயிண்ட்டின் முனை பொறி பட்டுப் பட்டுத் தீய்கிறது. கேமில் உரசும் அதன் குதிகால் தேய்கிறது. இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். குதிகால் தேய்ந்து இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும்; டைமிங் பின்னுக்குப் போகும்; பிக்கப் குறையும், பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

மூன்று வழிகள்

முதல் வழி, பாயிண்ட்டோடு இருப்பது. நல்ல பாயிண்ட், நல்ல கண்டன்சர், சரியான இடைவெளி, அவ்வளவே.

இரண்டாவது, டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பாயிண்ட்டுக்குப் பதில் ஒரு சிறிய மாட்யூல் பொருத்துவது. கேமின் மேல் காந்த வளையம் ஒன்று உட்காரும். எதிரே ஹால் சென்சார். காந்தம் கடந்து போவதைச் சென்சார் உணர்ந்து சொல்ல, டிரான்சிஸ்டர் காயிலைத் துண்டிக்கும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. புதிதாகத் தோன்றினாலும் இது உங்களுக்குப் பழக்கமான பொருள்தான். கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் சுற்றும் ஃபேனில் கார்பன் பிரஷ் இல்லாமல் வேலை நடப்பது பெரும்பாலும் ஹால் சென்சாரால்தான். எட்வின் ஹால் இந்த விளைவைக் கண்டுபிடித்தது 1879-ல். டிரான்சிஸ்டர் பிறந்தது 1947-ல்.

மூன்றாவது, புரோகிராம் செய்யக்கூடிய டிஸ்ட்ரிபியூட்டர். இதைப் புரிந்துகொள்ளப் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு எடைக்கட்டிகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கும். வேகம் கூடக் கூட எடைகள் விலகி, ஸ்பார்க்கை முன்னதாக விழச் செய்யும். பக்கத்தில் உள்ள வேக்யூம் டப்பா, இன்ஜின் சுமையைப் பார்த்து இன்னும் சில டிகிரி திருத்தும். இரண்டு இன்புட், ஒரு அவுட்புட். இதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான், ஸ்பிரிங்கால் செய்தது! புரோகிராம் செய்யும் வகையில் இந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு டேபிள் இருக்கும். இத்தனை ஆர்.பி.எம்.முக்கு இத்தனை டிகிரி என்று எக்ஸெல் போலவே நிரப்ப வேண்டும். நெதர்லாந்தின் 123 இக்னிஷன் இந்த வகைக்கு நல்ல உதாரணம். யுஎஸ்பி வழியாகவோ புளூடூத் வழியாகவோ டேபிளை மாற்றலாம். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதைப் பார்த்தால் கை அரிக்கிறது. ஆனால் எந்த எண்ணை நிரப்புவது? தவறாக அதிக டிகிரி கொடுத்தால் நாக்கிங் வந்து பிஸ்டனுக்கே கேடு. அளந்து பார்க்க வசதி இல்லாமல் டேபிளைத் தொடுவது, தெரியாமல் ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது போன்றது.

எப்படி நிற்கும் என்று பாருங்கள்

கடைக்காரர்கள் எப்படி ஓடும் என்று சொல்வார்கள். எப்படி நின்றுபோகும் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். பாயிண்ட் சொல்லிவிட்டுப் போகும். காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும், மிஸ் அடிக்கும், பிக்கப் குறையும். வாரக்கணக்கில் எச்சரிக்கை தரும். மாட்யூல் பெரும்பாலும் அப்படியல்ல. ஒரு நொடிக்கு முன் நன்றாக ஓடியது, இந்த நொடி இல்லை.

என் சித்தப்பா வண்டியில் மாட்யூல் போட்டு இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. ஓர் ஐப்பசி இரவு, நல்ல மழையில், மன்னார்குடியிலிருந்து திரும்பும்போது வடுவூர் தாண்டி நின்றுவிட்டது. உள்ளே சித்தியும் பாட்டியும். லைட் எரிகிறது, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஸ்பார்க் மட்டும் இல்லை. டார்ச் பிடித்து வந்த மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பாயிண்ட் இருந்தா உப்புத்தாள் போட்டுத் தேச்சு அனுப்பிடுவேன் அய்யா. இந்தப் பொட்டியில நான் என்னத்தப் பாக்கறது?" என்றார். கழற்றிய பழைய பாயிண்ட் பிளேட் தஞ்சாவூரில் பீரோ மேல் இருந்தது. கடைசியில் டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள்.

அதே வகை மாட்யூலைத்தான் சித்தப்பா மறுபடியும் போட்டிருக்கிறார். ஒன்றுதான் வித்தியாசம். பாயிண்ட்டும் கண்டன்சரும் பொருத்தி, இடைவெளியும் சரிசெய்த பழைய பிளேட் இப்போது டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. இரண்டு ஸ்க்ரூ, ஓரிரு ஒயர். தெரிந்த கை என்றால் அரை மணி நேர வேலை. டைமிங் கொஞ்சம் விலகியிருந்தாலும் வீடு வந்து சேரலாம். டெல்டா சாலைகளில் ஓடும் அம்பாசிடருக்கு என் சிபாரிசும் இதுதான்: இரண்டாவது வழி, ஆனால் முதல் வழியைக் கூடவே எடுத்துக்கொண்டு. வண்டி மாதம் ஒருமுறை கோயிலுக்குப் போய் வருவதோடு சரி என்றால் பாயிண்ட்டே போதும்.

மழைக்காலத் தொல்லை எல்லாவற்றுக்கும் மாட்யூல் மருந்து என்று நினைக்க வேண்டாம். ஈரத்தால் வண்டி நிற்பது பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார், பிளக் ஒயர் இவற்றால். இரண்டாவது வழியிலும் இவை அப்படியே இருக்கும். கேப்பில் மயிரிழை போல் கீறல் இருந்தால் முதலில் அதை மாற்றிடவும்.

ஆர்டர் கொடுக்கும் முன்

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒயர்களைக் கழற்றிவிட்டு, காயிலின் இரு சிறு முனைகளுக்கு இடையே அளந்திடவும். சுமார் 3 ஓம் என்றால் சாதாரணக் காயில். 1.5 ஓம் என்றால் பல்லாஸ்ட் வகை. மாட்யூல் அதற்கு ஏற்றதா என்று விவரப் பட்டியலில் பார்க்க வேண்டும். அடுத்து பாட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்துள்ளது என்று பார்த்திடவும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்களில் பாசிட்டிவ் எர்த் உண்டு. நெகட்டிவ் எர்த் மாட்யூலை அதில் இணைத்தால் வாங்கிய அன்றே போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் பொறித்திருக்கும் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்திடவும். கேப்பைக் கழற்றி ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் முதல் செலவு புஷ்ஷுக்கு.

பொருத்திய பிறகு, இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவிட்டு ரேடியோ கேட்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காயிலும் மாட்யூலும் சூடாகிச் சில மாடல்கள் கருகிவிடும்.

இந்த விவரங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்: காயில் ஓம், பாயிண்ட் இடைவெளி, 1-3-4-2 என்ற ஃபயரிங் ஆர்டர், எந்த ஒயர் எங்கே என்று காட்டும் போட்டோ. பிறகு ஒரு பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, அந்தப் பழைய பிளேட் இருக்கும் கவரிலேயே போட்டுவிடுங்கள். இருட்டில் வருகிற மெக்கானிக்குக் கையில் கொடுக்க அது வசதியாக இருக்கும்.