தேய்ந்த செயின் சா எஞ்சின்: பிஸ்டனை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் பலரிடம் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய செயின் சா இருக்கும். ஆடிக் காற்றில் சாய்ந்த தென்னையைத் துண்டு போடவும், மேலே வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத் தோட்டம் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன் நிழல் மரங்களைக் கழிக்கவும் இது உதவுகிறது. எஞ்சின் இழுக்க இழுக்க ஸ்டார்ட் ஆகாமலோ, மரத்தில் வைத்ததும் நின்றுவிட்டாலோ, பிஸ்டனை மாற்றும்படி பட்டறையில் சொல்வார்கள். மாற்றலாம்தான். ஆனால் பழைய பிஸ்டன் ஏன் தேய்ந்தது என்று அறியாமல் மாற்றினால், புதிய பிஸ்டனும் விரைவிலேயே அதே கதிக்கு ஆளாகும்.

தேய்வு ஏற்படும் விதம்

இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். டீசல் எஞ்சினில் உள்ளது போன்ற ஆயில் தொட்டி இதில் கிடையாது. பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்புத் தருகிறது. எனவே பெட்ரோல் வரத்து குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும்.

நம் பகுதிக்கென்று ஒரு சங்கடமும் உண்டு. வண்டன்மேடு கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உள்ளது. கம்பம் சுமார் 400 மீட்டர்தான். மேலே காற்று அடர்த்தி குறைவு. அங்கே புகை வருகிறதென்று கார்புரேட்டர் திருகைக் குறைத்து வைத்த எஞ்சினை அப்படியே கீழே கொண்டுவந்து ஓட்டினால், காற்று மிகுந்து பெட்ரோல் போதாது. அப்போது எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும். மிஷின் நன்றாக இழுக்கிறது என்று மகிழ வேண்டாம், பிஸ்டன் தீய்ந்துகொண்டிருக்கிறது. இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதும் இதே விளைவைச் சற்றுக் கூட்டுகிறது.

பரிசோதனை

ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி விடுங்கள், பிளக் இருக்கட்டும். ஸ்டார்ட்டர் கயிற்றுப் பிடியை மட்டும் பிடித்து மிஷினைத் தரையிலிருந்து சற்றே தூக்குங்கள். விட்டு விட்டு மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் உள்ளது. சரசரவென்று இறங்கினால் தேய்வுதான்.

அடுத்து, சைலன்சரைக் கழற்றி அத்துளை வழியே பிஸ்டனைப் பாருங்கள். சைலன்சர் பக்கம் மேலும் கீழுமாகக் கீறல் இருந்தால் சூடு, ஆயில் குறைவு அல்லது பெட்ரோல் குறைவு காரணம். கார்புரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் பில்டர் வழியே தூசி போயிருக்கிறது. கிழிந்த பில்டரை உடனே மாற்ற வேண்டும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் தணியாத எஞ்சினில், கார்புரேட்டரை இணைக்கும் ரப்பர் அல்லது கிராங்க் சீல் வெடித்துக் காற்று உள்ளே புகுந்திருக்கலாம்.

பிரித்த பிறகு

இந்தச் சிலிண்டர் பெரும்பாலும் உட்புறம் பூச்சுப் பூசிய அலுமினியம். டீசல் எஞ்சினுக்குச் செய்வதுபோல் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் பொருத்த முடியாது. நகத்தால் தடவும்போது தட்டுப்படும் அளவுக்குப் பூச்சு பெயர்ந்திருந்தால் சிலிண்டரையும் மாற்றுதல் வேண்டும். சிலிண்டர் நன்றாக இருந்தால் ரிங்கை மட்டும் அதனுள் நேராக வைத்து முனைகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் இருந்தால் ரிங் தேய்ந்துவிட்டது.

கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மேல் கீழாக ஆட்டம் இருந்தால் அந்தப் பழைய எஞ்சினுக்கு மேலும் செலவு செய்வது வீண் என்பதே என் கருத்து.

பொருத்தும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் நோக்க வேண்டும். ரிங்கின் வாய், காடியிலுள்ள சிறு பின்னுக்கு நேராக அமைய வேண்டும். இல்லையேல் ரிங் முறிந்து சிலிண்டரைக் கிழித்துவிடும். பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீர்கள்.

ஓட்டும் முறை

கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். 25-க்கு 1 என்றால் 40 மி.லி. கண்ணளவாக ஊற்றாமல் அளவுக் குவளையைப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டு மூன்று டேங்க் வரை பருத்த அடிமரத்தை அறுக்காமல் கிளைகளை மட்டும் அறுக்கவும். மலையிலிருந்து கீழே இறக்கும் ஒவ்வொரு முறையும் கார்புரேட்டரின் 'எச்' திருகை இடப்புறமாகச் சிறிது திறந்து வையுங்கள். முழு வேகத்தில் சும்மா ஓடும்போது கரகரப்பும், மரத்தில் வைத்ததும் தெளிந்த ஓசையும் கேட்டால் அளவு சரி. வேலை முடிந்து மிஷினைக் கட்டி வைக்குமுன் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட விடவும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய டயபிரம் ரப்பரையும் கெடுத்துவிடும்.