அவையறிந்து ஆட்டம் அமைத்தல்

திருக்குறளிலே அவையறிதல் என்றோர் அதிகாரம் உண்டு. சொல்வோன் தன் சொல்லின் திறத்தை மட்டுமன்றிக் கேட்போரின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். சொல்லுக்குரிய இவ்விதி விளையாட்டுக்கும் பொருந்தும். இணையவழி விளையாட்டுக்களை ஆக்க விழையும் மாணவர் நிரல் எழுதக் கற்கின்றனர். படம் வரையக் கற்கின்றனர். ஆயின், தம் ஆட்டத்தை ஆட வருவோர் யாவர், அவர் எதனை நாடி வருகின்றனர் என்னும் வினாவை இறுதிக்கு ஒதுக்கிவிடுகின்றனர். முதலில் எழவேண்டிய வினா அதுவே.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்திலே 1978 ஆம் ஆண்டில் றோய் ட்ரப்ஷோ என்னும் மாணவர் ‘மட்’ என்னும் ஆட்டத்தைத் தொடங்கினார். றிச்சார்ட் பார்ட்டில் அதனை மேலும் வளர்த்தார். படம் ஒன்றுமின்றி எழுத்தினால் மட்டும் புனையப்பட்ட அவ்வுலகிலே பலர் ஒருங்கே கூடி விளையாடினர். அத்தகைய ஆட்டங்களை ஆடுவோரை நெடுங்காலம் நோக்கிய பார்ட்டில், 1996 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் அவரை நால்வகையினராக வகுத்தார். புள்ளியும் பொருளும் சேர்த்து நிலையுயர விரும்புவோர் ஒரு சாரார். அவரைச் சாதிப்போர் எனலாம். அவ்வுலகின் மூலைமுடுக்குகளையும் மறைபொருள்களையும் ஆராய்வோர் தேடுவோர். பிறரோடு உரையாடி நட்புக்கொள்ள வருவோர் கூடுவோர். பிறரைத் தாக்கி வெல்வதில் இன்பங்காண்போர் மோதுவோர்.

இவ்வகுப்பின் பயன் பெயரிடுதலோடு முடிவதன்று. ஒரு சாரார் பெருகின் மற்றொரு சாராருக்கு என்ன நேரும் என்பதையும் பார்ட்டில் ஆராய்ந்தார். மோதுவோர் மிகுந்தால் கூடுவோர் விலகுவர். எனவே ஒருவரைக் கவர அமைத்த வசதி மற்றொருவரைத் துரத்தவுங் கூடும். ‘எல்லோருக்கும் ஏற்ற ஆட்டம்’ என விளம்பரஞ் செய்வோர் இதனைச் சிந்தித்தல் நன்று. எனினும், பார்ட்டில் கண்டது தாம் அறிந்த எழுத்துலகங்களையே. அவர் வகுப்பை எல்லா ஆட்டங்களுக்கும் உரிய அளவுகோலாகக் கொள்ளாது, நோக்கும் முறைக்கு ஒரு வழிகாட்டியாகக் கொள்ளுதலே தகும்.

ஆடுவோரை ஊகத்தால் அறியமுடியாது என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. அமெரிக்காவின் லூக்காஸ்பிலிம் நிறுவனத்தார் 1986 இல் ‘ஹபிற்றற்’ என்னும் பலர் கூடும் ஆட்டத்தைச் சோதனையாக நடத்தினர். அதனுள்ளே ஒரு புதையல் வேட்டையை வாரக்கணக்கில் உழைத்து அமைத்தனர். பலர் பல நாள் தேடி மகிழ்வர் என்பது அவர் எண்ணம். ஏறத்தாழ 8 மணி நேரத்தில் ஒருவர் விடையைக் கண்டுவிட்டார்! அவர் பெருமகிழ்வு எய்தினார். ஏனையோருட் பலர் வேட்டையில் இறங்கவும் வாய்ப்பின்றித் திகைத்து நின்றனர். எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டு நடத்துதல் இயலாது, ஆடுவோர் செல்லும் வழியை நோக்கி அதற்குத் துணைசெய்தலே சிறந்தது என்பது அமைத்தோர் கற்ற பாடம்.

ஆதலின், புதிதாக ஆட்டம் ஆக்குவோர் செய்யவேண்டியது யாது? முன்பின் அறியாத ஒருவரிடம் ஆட்டத்தைக் கொடுத்து, அருகிருந்து வாய்திறவாது நோக்குக. அவர் எங்கே தயங்குகிறார், எங்கே முகம் மலர்கிறார் எனக் குறித்துக்கொள்க. விளக்கஞ் சொல்ல நா துடிக்கும் இடமே திருத்தவேண்டிய இடம். முதல்நாள் வந்தோருள் மறுநாளும் அடுத்த வாரமும் மீள்வோர் எத்தனை பேர் எனக் கணக்கிடுக. எண்கள் எவ்விடத்தில் விலகினர் என்பதைக் காட்டும். ஏன் விலகினர் என்பதை ஆடியவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

ஆடுவோரை ஈர்க்கும் வழியும் இவ்வறிவிலிருந்தே பிறக்கும். ‘அமங் அஸ்’ என்னும் ஆட்டம் 2018 இல் வெளிவந்தபோது அதனை அறிந்தோர் சிலரே. 2020 இல், தாம் ஆடுவதை நேரலையாகக் காட்டுவோர் அதனை எடுத்தாள, உலகெங்கும் பரவியது. நண்பருள் வஞ்சகர் யார் எனக் கண்டுபிடிக்கும் அவ்வாட்டம், காண்போருக்கும் சுவை தருவது. அதனை ஆக்கிய சிறு குழுவினர், இரண்டாம் ஆட்டம் ஒன்றை அறிவித்திருந்தும் அதனைக் கைவிட்டு, மக்கள் விரும்பிய முதலாட்டத்தையே செம்மைசெய்யத் துணிந்தனர்.

தவறியபின் திருந்துதலும் உண்டு. யப்பானிய நிறுவனமொன்றின் ‘பைனல் பான்டசி 14’ 2010 செப்ரெம்பரில் வெளிவந்து பெருங்குறைகூறலுக்கு உள்ளாயிற்று. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கோரினார். அவ்வாண்டு டிசெம்பரில் பொறுப்பேற்ற நவோக்கி யோஷிடா, ஆடுவோருக்கு வெளிப்படையாகக் கடிதங்கள் எழுதி, அவர் குறைகளைக் கேட்டு, ஆட்டத்தைப் புதிதாகக் கட்டினார். பழைய உலகு 2012 இல் மூடப்பட்டது; புதியது 2013 ஓகஸ்டில் திறக்கப்பட்டு நிலைபெற்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மனிதரின் விருப்பத்தை அறிந்தவன் அவருக்கு உதவவும் வல்லன். அவரைப் பிணிக்கவும் வல்லன். உள்ளிருப்பது யாதெனத் தெரியாத பெட்டிகளைக் காசுக்கு விற்கும் முறை சில விளையாட்டுக்களிற் புகுந்தது. அது சூதாட்டச் சட்டத்துள் அடங்கும் எனப் பெல்ஜியத்துச் சூதாட்ட ஆணையம் 2018 இல் முடிவு செய்தது. ஆடுவோருட் பலர் சிறுவர் என்பதை ஆக்குவோர் மறத்தலாகாது.

தன் வீட்டுத் தம்பி தங்கையர் இவ்வாட்டத்தில் எத்தனை மணிநேரம் இருக்கலாம், எத்தனை ரூபா செலவிடலாம் என ஒவ்வோர் ஆக்குவோனும் தன்னைத் தானே வினாவுவானாக. அவ்விடையை ஊராரின் பிள்ளைகளுக்கும் வழங்கத் துணிபவனே அவையறிந்தவன்.