அருவி இரைச்சலும் அலைவழிச் செய்தியும்

நுழையும்முன்

குற்றாலப் பேரருவியின் அடியில் நிற்பவர், கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் தம்பியை அழைக்க நீண்ட வாக்கியம் பேசுவதில்லை. 'வா', 'போதும்' என ஒற்றைச் சொல்லை உரக்கச் சொல்கிறார். கேட்கவில்லையெனில் மீண்டும் சொல்கிறார். அதுவும் பயனளிக்காவிட்டால் கையசைக்கிறார். அருவியை விட்டு விலகி ஈரத்துணி பிழியும் இடத்திற்கு வந்ததும் அவரே ஊர்க்கதை முழுவதையும் விரைந்து பேசத் தொடங்கிவிடுகிறார். சூழலுக்கேற்பப் பேச்சை மாற்றிக்கொள்ளும் இவ்வறிவை ஒரு வானொலிக் கருவிக்கு ஊட்டிய முயற்சியே இப்பாடம்.

மலையில் மழை, அடிவாரத்தில் மக்கள்

தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்களின் வழியே சாரலாக இறங்கும் ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிச் சீமை மக்கள் வெள்ளத்தில் மூழ்கும். சிற்றாறு பேரருவியாக வீழ்ந்து, வயல்களைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. நீர் பிறக்கும் இடமோ மலையுச்சிக் காடு. அங்குப் பெய்யும் மழை கீழே குளிப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், பருவம் தொடங்கும் முன்னரே பெய்த கோடைமழையால் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருக்கெடுத்தது. குளித்துக்கொண்டிருந்தோர் சிதறி ஓடினர்; பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

மலைமேல் விழும் துளிக்கும் அடிவாரத்தில் நிற்கும் மனிதருக்கும் இடையே கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. அக்காலத்திற்குள் செய்தி கீழிறங்க வேண்டும். காடும் பாறையும் செறிந்த சரிவில் கம்பி இழுப்பது அரிது. அலைவழியே எஞ்சுகிறது. அதற்கும் மலை எளிதில் இடம் கொடுப்பதில்லை. கைப்பேசி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன; குறுக்கே நிற்கும் முகடு அவற்றுக்குச் சுவராகிறது. குறைந்த அதிர்வெண் அலைகள் ஓரளவு வளைந்து செல்லும். ஆயினும் அவை சுமக்கும் செய்தியின் அளவு சிறிது.

சுற்றுக்குள் சிறைப்பட்ட கருவி

பழைய வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகும்போது, உள்ளே ஒரு மின்தேக்கியின் தகடுகள் நகர்கின்றன. மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்து ஒரே ஓர் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுக்கின்றன. அடுத்துள்ள சுற்று பண்பிறக்கம் செய்து ஒலியைப் பிரித்தெடுக்கிறது. வீச்சுப் பண்பேற்றத்திற்கு ஒரு சுற்று. அதிர்வெண் பண்பேற்றத்திற்கு வேறொரு சுற்று. கருவியின் குணம் முழுவதும் அதன் உறுப்புகளிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளது. மாற்ற விரும்பினால் உறுப்பையே மாற்ற வேண்டும்.

அமைதிக் காலத்தில் இது குறையாகத் தோன்றுவதில்லை. இடர் நேரும்போதுதான் இதன் விலை தெரிகிறது. காவல்துறை, வனத்துறை, தீயணைப்புத் துறை ஆகியன தத்தமக்கு ஒதுக்கப்பட்ட அதிர்வெண்களில் பேசுகின்றன. ஒரே இடத்தில் நின்றாலும் ஒருவர் கருவி மற்றவர் கருவிக்குச் செவிடு. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் கோபுரம் சரியப்போவதை வானிலிருந்து கண்ட காவல்துறை வானூர்தி எச்சரிக்கை விடுத்தது. வேறு அலைத்தடத்தில் இருந்த தீயணைப்பு வீரர்களின் கருவிகளுக்கு அது எட்டவில்லை. அன்று மாண்ட தீயணைப்பு வீரர்கள் 343 பேர். அத்தனை இறப்புக்கும் கருவியே காரணம் என்று கூறுவது மிகை. எச்சரிக்கை எழுந்தும் சேரவில்லை என்பது மெய்.

எண்களாகும் அலை

சுற்றின் வேலையைக் கணக்கிடம் ஒப்படைத்தால் என்ன? அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் மிட்டோலா 1991இல் இக்கருத்துக்கு 'மென்பொருள் வானொலி' என்னும் பெயரை வழங்கினார். விண்ணலைக்கம்பி பற்றிய அலையை, ஒரு மாற்றி நொடிக்குப் பல இலட்சம் முறை அளந்து எண்களாக்குகிறது. வேண்டிய செய்தியின் பட்டை அகலத்தைப்போல் குறைந்தது இருமடங்கு வேகத்தில் அளந்தால் எதுவும் தொலைந்துபோவதில்லை என்பது மாதிரியெடுத்தல் தேற்றம். அதன்பின் வடிகட்டுதல், பண்பிறக்கம், பிழைதிருத்தம் யாவும் கூட்டலும் பெருக்கலுமே. நிரலை மாற்றினால் கருவியின் தொழில் மாறுகிறது. காலையில் பண்பலை கேட்ட அதே பெட்டி, மாலையில் வானூர்திகள் 1090 மெகாஹெர்ட்ஸில் அறிவிக்கும் தம் இருப்பிடத்தைப் படிக்கும்.

இது நெடுங்காலம் படைத்துறையும் பெரும் ஆய்வகங்களும் மட்டுமே வாங்கக்கூடிய பொருளாக இருந்தது. 2012இல் நிலைமை மாறியது. கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்காக விற்கப்பட்ட விரலளவுச் செருகி ஒன்றின் சில்லு, தான் அளந்த எண்களை அப்படியே வெளியே தரவும் வல்லது என்பதை ஆர்வலர்கள் கண்டறிந்தனர். அலையின் உயரத்தை 256 படிகளாக, நொடிக்கு 24 இலட்சம் முறை அளக்கும் அச்சிறு பொருளும் 'குனூ ரேடியோ' என்னும் கட்டற்ற மென்பொருளும் சேர்ந்து, மாணவரின் மேசையையே ஆய்வகமாக்கிவிட்டன. ஆனால் இச்செருகி கேட்கும், பேசாது. அலை பரப்புவதற்கு இந்தியாவில் உரிமம் வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பியோர் தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம் என்பதைப் பதினொன்றாம் வகுப்பு மாணவருள் பலர் அறிந்திருப்பதில்லை.

நம் நாட்டில் பெரிய அளவிலும் இத்தொழில்நுட்பம் இடம்பெற்றுள்ளது. கடற்படைக் கப்பல்களுக்கு மென்பொருள்வழி வானொலிகள் வழங்க, பாதுகாப்பு அமைச்சகமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்தன.

மாறும் தடம், மாறும் பேச்சு

மென்பொருளாக ஆன பின் கருவிக்கு அருவியடி மனிதரின் அறிவை ஊட்டலாம். கோபுரத்திலிருந்து கோபுரத்திற்குச் செல்லும் நுண்ணலை இணைப்பை எடுத்துக்கொள்வோம். வானம் தெளிந்திருக்கையில் ஒவ்வொரு குறியீட்டிலும் எட்டு இருமங்களை ஏற்றி அனுப்பும். பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளைக் கனமழை உறிஞ்சத் தொடங்கியதும், எட்டை இரண்டாகக் குறைத்துக்கொள்ளும். வேகம் நான்கில் ஒன்றாகிறது, இணைப்போ அறுபடுவதில்லை. சாரலுக்கு அஞ்ச வேண்டியதில்லை; அடைமழையே பகை.

ஒரு தடம் எவ்வளவு செய்தியைத் தாங்கும் என்பதற்கு 1948இல் கணித எல்லை வகுத்தவர் கிளாடு ஷானன். செய்தியைச் சுருக்குவதையும் இரைச்சலிலிருந்து காப்பதையும் தனித்தனிப் பணிகளாகச் செய்தாலும் இழப்பில்லை என்பது அவர் வழிவந்த புகழ்பெற்ற முடிவு. காலத்துக்குக் காலம் இயல்பு மாறும் தடங்களிலும் அது பொருந்துமா? எப்போதும் பொருந்துவதில்லை என்று 1995இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை ஒன்று நிறுவியது. அதன் ஆசிரியர் மூவருள் ஒருவர் ஸ்ரீதர் வேம்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, குவால்காம் நிறுவனத்தில் கம்பியில்லாத் தொடர்பியல் பொறியாளராகப் பணியாற்றியவர். பின்னர் அவர் நிறுவிய ஜோஹோ, வானொலி செய்யும் நிறுவனமன்று. வணிக மென்பொருள் செய்வது. எனினும் மாறும் தடங்களின் கணிதத்தை ஆராய்ந்தவர் 2019 முதல் குற்றால மலையடிவாரத்தில் உள்ள மத்தளம்பாறையில் வாழத் தொடங்கியது தென்காசிக்கு வாய்த்த இனிய ஒற்றுமை.

ஊருக்கேற்ற கோபுரம்

நகரத்திற்கு வகுத்த இலக்கணம் சிற்றூருக்கு ஒத்துவருவதில்லை. உலக நாடுகள் ஐந்தாம் தலைமுறைத் தொழில்நுட்பத்திற்கு இலக்கு வகுத்தபோது, ஊரகச் சோதனைச் சூழலில் கோபுரங்களுக்கிடையே 1,732 மீட்டர் தொலைவைக் கருதினர். நம் நாட்டின் நிலை வேறு. கண்ணாடியிழை வடம் எட்டும் ஊராட்சித் தலைமையூரில் ஒரு கோபுரம் நிற்கும். சுற்றியுள்ள குக்கிராமங்கள் யாவும் அதையே நம்பியிருக்கும். ஆறு கிலோமீட்டர் இடைவெளியிலும் பணி செய்யும் சூழலை ஏற்க வேண்டுமென இந்திய வல்லுநர்கள் வாதிட்டு, 2017இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தை இணங்கச் செய்தனர். அம்முயற்சியில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பெரும்பங்குண்டு.

கோபுரத்தின் பேச்சையே மென்பொருளாக்கியவர் வனு போஸ். வங்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த விடுதலை வீரரின் பேரன். அவருடைய நிறுவனத்தின் மென்பொருள்வழிக் கைப்பேசி நிலையத்திற்கு 2004இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது; அவ்வகையில் அதுவே முதலாவது. 2017இல் புயலால் போர்ட்டோ ரிக்கோ தீவு தொடர்பற்றுப் போனபோது, நாற்பது சிறு நிலையங்களைக் கொடையாக அளித்தார்.

இக்கருவிகளுக்கும் எல்லை உண்டு. எண்களை இடைவிடாது பெருக்கும் செயலி மின்சாரத்தை விழுங்குகிறது. மின்கலம் தீர்ந்தால் நிரலின் நுட்பம் உதவாது. மலையுச்சி மழைமானிக்கு அவ்வளவு பெரிய மூளையும் வேண்டியதில்லை. உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியா திறந்துவிட்டுள்ள 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் 'லோரா' போன்ற சிக்கனக் கருவிகள், ஏழு முதல் பன்னிரண்டு வரை படிப்படியாகத் தம் பேச்சை நிதானமாக்கிக்கொள்ள வல்லவை. ஒவ்வொரு படியிலும் ஒரு குறியீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் இருமடங்காகிறது. இரைச்சலைத் துளைக்கும் வலிமையும் கூடுகிறது. இத்தனை மில்லிமீட்டர் மழை என்னும் செய்தி சில எழுத்துகளே. மிக நிதானமான படியிலும் அது கீழிறங்க ஓரிரு நொடிதான் ஆகும். அதன்பின் அருவியடியில் இரைச்சலுக்கு நடுவே நிற்பவருக்கு அதைக் கொண்டு சேர்ப்பது, காவலரின் ஊதல்.