நோயாளிப் பிள்ளையின் பெற்றாரும் நாமும்

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வீடு சில நாள் கலங்கும், பின்பு தெளியும். பிள்ளையோடு கூடவே வளரும் நோய் வந்தால் அவ்வீட்டின் நிலை என்ன?

எமது நாட்டிலுள்ள தலசீமியா என்னும் குருதி நோயை எடுத்துக்கொள்வோம். குருணாகல் போதனா வைத்தியசாலையில் இதற்கென்றே தேசிய நிலையம் ஒன்று இயங்குகின்றது. இந்நோய் கடுமையாக உள்ள பிள்ளையின் உடல், வேண்டிய அளவு செங்குருதிக் கலங்களை ஆக்குவதில்லை. ஆதலால் 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை குருதி ஏற்றவேண்டும். ஏற்றிய குருதியிலுள்ள இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை அகற்றச் சிலர் குளிசை எடுப்பர். வேறு சிலருக்குச் சிறிய பம்பொன்றினால், வாரத்தில் 5 இரவுகளுக்குக் குறையாமல், ஒவ்வோர் இரவும் 8 முதல் 12 மணித்தியாலம்வரை, தோலின் கீழ் மருந்து செலுத்தப்படும்.

மருந்து இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் ஊசி விலகிற்றோ என்று நடுச்சாமத்தில் எழும்பும் தாயின் உறக்கத்தை யார் கொடுப்பது? வைத்தியசாலைக்குப் போகும் நாளில் தந்தை இழக்கும் கூலியை யார் கொடுப்பது? மூத்த பிள்ளை, தன்னை ஒருவரும் கவனிப்பதில்லையென்று மனதுக்குள் அழுவதும் உண்டு.

இவற்றிலும் பெரிய பாரம் ஊரின் வாய். “என்ன பாவம் செய்தார்களோ!” என்பர் சிலர், “தாய்வழிக் குறை” என்பர் வேறு சிலர். உண்மை என்ன? தாய், தந்தை இருவரும் இந்நோயின் காவிகளாக இருந்தால் மட்டுமே பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வரும். காவிகளோ பெரும்பாலும் சுகதேகிகள். தாம் காவிகளென்று அறியாதவர்கள். அத்தகைய இருவருக்கு, ஒவ்வொரு கருத்தரிப்பிலும் 4இல் 1 பங்கு அபாயம் உண்டு. எனவே ஒருவரையொருவர் குற்றஞ்சாட்ட இடமேயில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் யாருடையது என்று சீடர் கேட்டபோது, அவனுடையதுமன்று, பெற்றாருடையதுமன்று என்றே ஆண்டவர் பதிலளித்தார் (அருளப்பர் 9).

பெற்றாரே, மூன்றை மறவாதீர்கள். முதலாவது, இரவுக் கடமையைக் கணவனும் மனைவியும் முறைவைத்துச் செய்யுங்கள், இருவரும் உறங்கவேண்டும். இரண்டாவது, பிள்ளையின் வயதுக்கேற்ப நோயைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள். மூன்றாவது, மற்றப் பிள்ளைகளுக்கென்று சிறிது நேரம் ஒதுக்குங்கள். வைத்தியரிடம் கேட்கத் தயங்காதீர்கள். இதே துன்பமுள்ள பெற்றாரோடு மனம்விட்டுக் கதையுங்கள்.

அயலவரே, அவர்களுக்கு வேண்டியது புத்திமதியன்று. ஒரு நாள் வைத்தியசாலையில் அப்பிள்ளையின் அருகில் இருங்கள். சுகமுள்ளோர் இரத்ததானம் செய்யுங்கள். அப்பிள்ளையின் அடுத்த மாதம் அதில் தங்கியிருக்கின்றது. இளைஞரே, யுவதிகளே, திருமணத்திற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நோயை அகற்ற எம்மால் இயலாதிருக்கலாம். அவ்வீட்டின் தனிமையை அகற்ற இயலும்.