சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு

படிப்பு முடித்துச் சும்மா இருக்கிறேன். இயற்கை விவசாயம் செய்யும் குடும்பத்தோடு கொஞ்ச நாள் தங்கி வேலை கற்றுக்கொள்ள ஆசை. மண்வெட்டி பிடித்ததே இல்லை; சேர்த்துக்கொள்வார்களா?
– வாசகி, சேலம்

தாராளமாக! 1971-இல் லண்டனில் செயலாளராக இருந்த சூ கொப்பார்டு தொடங்கிய, இயற்கைப் பண்ணைகளில் தங்கி வேலை செய்ய வழிசெய்யும் 'வூஃப்' (WWOOF) அமைப்பே உங்களைப் போன்ற நகரவாசிகளுக்காகத்தான். இந்தியாவிலும் இருக்கிறது. தினமும் சில மணி நேர வேலை. பதிலுக்குச் சாப்பாடு, தங்க இடம். முதல் வாரமே மண்வெட்டியைத் தந்துவிட மாட்டார்கள். களை பறிப்பது, மூடாக்குப் போடுவது, மாட்டுக்குத் தீவனம் வைப்பது இவைதான். (கையில் கொப்புளம் வந்தால் அம்மாவுக்குப் போன் போடாதீர்கள்.) வேலை நேரம், விடுமுறை, கழிப்பறை, பெண்களுக்குத் தனி அறை எல்லாவற்றையும் முன்பே கேட்டுவிடுங்கள், கூச்சம் வேண்டாம். முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். ஆடிப்பட்டத்துக்கு முன் போய்ச் சேர்ந்தால் விதைப்பையும் கற்றுக்கொள்ளலாம்.