கேத் லேப் பெருகினால் ஸ்டென்ட்டும் பெருகுமா?

கேள்வி: முன்பெல்லாம் ஆஞ்சியோ எடுக்க வேண்டுமென்றால் நாங்கள் மதுரைக்குத்தான் போவோம். இப்போது எங்கள் ஊரிலேயே மூன்று மருத்துவமனைகளில் கேத் லேப் வந்துவிட்டது. கூடவே தெருவுக்கு இரண்டு பேர் ஸ்டென்ட் வைத்தவர்களாக இருக்கிறார்கள். மாடி ஏறினால் மட்டும் நெஞ்சு இறுக்குகிறது என்று சொன்ன என் மைத்துனருக்கும் போன மாதம் வைத்தார்கள். அமெரிக்காவில் அரசு அனுமதி இல்லாமல் இதய சிகிச்சைப் பிரிவு திறக்க முடியாது என்கிறாள் என் மகள். அப்படி ஒரு சட்டம் இங்கே வந்தால் தேவையற்ற ஸ்டென்ட் குறையுமா, டாக்டர்?

— ஓய்வு பெற்ற ஆசிரியர், தென் மாவட்டம்

பதில்: கொஞ்சம் குறையலாம். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது.

உங்கள் மகள் சொல்வது பாதி உண்மை. அங்கே அந்த அனுமதி விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புதிய பிரிவு தொடங்கவோ விலையுயர்ந்த கருவி வாங்கவோ விரும்பும் மருத்துவமனை, ‘இந்த வட்டாரத்துக்கு இது தேவை’ என்று நிரூபித்து அரசிடம் சான்று வாங்க வேண்டும் என்ற சட்டத்தை 1964-இல் முதலில் கொண்டுவந்தது நியூயார்க். 1974-இல் மத்திய அரசு ஒரு சட்டத்தின் மூலம் வலியுறுத்தியதும் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் பின்பற்றின. 1986-இல் அந்த மத்தியச் சட்டம் ரத்தானது. கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் சான்று முறையைக் கைவிட்டன. இன்னும் பல மாநிலங்களில் அது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

சட்டத்தின் பின்னால் இருந்த கவலை நியாயமானது. காப்பீடு பணம் கொடுக்கும் இடத்தில் கட்டிலைப் போட்டால் அது காலியாக இருக்காது என்று மில்டன் ரோமர் என்ற பொது சுகாதார அறிஞர் அப்போதே எச்சரித்தார். ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் கோடிகளை விழுங்கும் முதலீடு. கடன் தவணை மாதாமாதம் வரும், நோயாளி அப்படிக் கணக்காக வரமாட்டார். அந்த நெருக்கடி, முடிவெடுக்கும் அறைக்குள்ளும் எட்டிப் பார்க்கும்.

சட்டத்துக்கு இன்னொரு காரணம் கைப்பழக்கம்: நிறையச் செய்யும் இடத்தில்தான் கை தேறும். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பைபாஸ் செய்துகொண்ட முதியவர்களை ஒப்பிட்டது. சான்றுச் சட்டம் தொடர்ந்து இருந்த மாநிலங்களில் இறப்பு 4.4 சதவீதம், சட்டம் இல்லாத மாநிலங்களில் 5.1 சதவீதம். பல மருத்துவமனைகள் பங்கு போட்டுக்கொண்டதால், சட்டம் இல்லாத இடங்களில் ஒவ்வொன்றிலும் நடந்த அறுவை சிகிச்சைகள் குறைவு.

ஆனால் யாருக்கு ஸ்டென்ட் வைப்பது என்பது வேறு கேள்வி. பஸ் பர்மிட் ஒரு தடத்தில் எத்தனை வண்டி ஓடலாம் என்று சொல்லும், யார் ஏற வேண்டும் என்று சொல்லாது. சான்றுச் சட்டமும் அப்படித்தான். எந்தச் சூழலில் ஸ்டென்ட் பொருத்தம், எப்போது பொருந்தாது என்று அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2009-இல் வரையறை வகுத்தன. அதை வைத்து ஐந்து லட்சம் சிகிச்சைகளை அலசிய ஆய்வு 2011-இல் வந்தது. மாரடைப்பு போன்ற அவசரங்களில் 98.6 சதவீதம் பொருத்தமானவை. அவசரமில்லாத நோயாளிகளிலோ 11.6 சதவீதம் தேவையற்றவை. பிற்பாடு சட்டம் உள்ள, இல்லாத மாநிலங்களை ஒப்பிட்டபோது வித்தியாசம் இருந்தது, ஆனால் மிகச் சிறியது.

பெரிய மாற்றம் வேறு வழியில் வந்தது. மருத்துவமனைகள் ஒவ்வொரு ஸ்டென்ட்டையும் தேசியப் பதிவேட்டில் ஏற்றின. ‘மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்’ என்ற அறிக்கை அவர்களுக்கே திரும்பி வந்தது. 2010-இல் அவசரமில்லாத ஸ்டென்ட்களில் பொருந்தாதவை 26.2 சதவீதம் (இம்முறை கையாண்டது 2012-இல் திருத்திய அளவுகோல்), 2014-இல் 13.3 சதவீதம். நோய்க்குறியைக் கூட்டி எழுதியதாலும் கணக்கு ஓரளவு அழகாகியிருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. ஆனாலும் அவசரமில்லாத ஸ்டென்ட்களின் மொத்த எண்ணிக்கையே குறைந்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? தனியார் மருத்துவமனைகளைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் 2018-இல் வந்த விதிகளும் உள்ளன. கேத் லேபின் எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். கதிர்வீச்சு பாதுகாப்பானதா என்று பார்ப்பார்கள், ஊருக்கு இன்னொன்று வேண்டுமா என்று கேட்பதில்லை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதுவும் விலையை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட்டுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். நோயாளியின் தேவையைப் பற்றிக் கேட்பது இப்படிப்பட்ட முன் அனுமதியில்தான். சொந்தப் பணம் கட்டுபவரைப் பற்றிக் கேட்க யாருமில்லை. முன் அனுமதியும் ஏமாற்றப்படலாம். 2024 நவம்பரில் அகமதாபாத்தில், கிராம முகாமிலிருந்து அழைத்துச் சென்றவர்களுக்கு அரசுக் காப்பீட்டில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து இருவர் இறந்த வழக்கு அதற்குச் சாட்சி.

கேத் லேபுக்குப் பூட்டுப் போடவும் நான் தயங்குவேன். மாரடைப்பில் நிமிடங்கள்தான் உயிர். சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள மையங்களோடு இணைத்துத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், ஓராண்டு இறப்பு 17.6-இலிருந்து 14.2 சதவீதமாக இறங்கியது. உங்கள் ஊரில் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு அந்த மூன்று கேத் லேப்களும் வரம். எனவே அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான்: யார் பணம் கட்டினாலும் ஒவ்வொரு ஸ்டென்ட்டும் காரணத்தோடு பதிவாக வேண்டும், அதை வெளி மருத்துவர்கள் தணிக்கை செய்ய வேண்டும்.

உங்கள் மைத்துனர் விஷயத்தில் காகிதம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 5,179 பேர் பங்கேற்ற ‘இஸ்கீமியா’ ஆய்வின்படி, அவர் போன்ற நிலையான நெஞ்சுவலிக்காரர்களுக்கு மாத்திரையோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ சேர்த்தால் வலி குறைகிறது, ஆனால் ஆயுள் கூடுவதில்லை. மாத்திரைக்கு அடங்காத வலிக்கு வைத்திருந்தால் அது தவறல்ல. இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்பிருந்தால் கணக்கே வேறு.

இனி உங்கள் வீட்டில் யாருக்காவது ஸ்டென்ட் வைக்கச் சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது அவசரமா? மாத்திரையில் சில வாரம் பார்க்கலாமா? ஆஞ்சியோ சி.டி.யைத் தருவீர்களா, இன்னொரு மருத்துவரிடம் காட்ட? அவசரமில்லை என்றால், ஆஞ்சியோ மேசையில் படுத்திருக்கும்போதே கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். மைத்துனரிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ஸ்டென்ட் தேவையில்லாமல் வைத்ததோ என்ற கோபத்தில், ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரைகளை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அதுவே மாரடைப்பு.