சாயப் பட்டறைச் சிறுவன்

உருசிய எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியின் இயற்பெயர் அலெக்சி பெஷ்கோவ் என்பதாகும். கார்க்கி என்னும் உருசியச் சொல்லுக்குக் கசப்பு மிக்கவன் என்பது பொருள். 1892-ஆம் ஆண்டில் தம் முதற் சிறுகதை அச்சேறியபோது அவர் இப்பெயரைப் புனைந்துகொண்டார். பிறர் இனிய பெயரை நாட, இவர் கசப்பை நாடியது ஏன்? 1913, 1914-ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ‘குழந்தைப் பருவம்’ என்னும் நூலே அதற்கு விடை கூறுகிறது. அது நாவல்போல் நடக்கும் தன்வரலாறு.

நூல் ஒரு சாவில் தொடங்குகிறது. வால்கா ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்துள்ள அஸ்திரகான் நகரில், 1871-ஆம் ஆண்டு, சிறுவன் அலெக்சியை வாந்திபேதி நோய் பற்றியது. அவனுக்குப் பணிவிடை செய்த தந்தையையும் அந்நோய் தொற்றிக்கொண்டது. மகன் பிழைத்தான், தந்தை மாண்டார். அடக்கம் செய்யும்போது குழிக்குள் தவளைகள் கிடந்தன. வெளியேற முயன்ற அவற்றின்மேலும் மண் விழுந்தது. சாவு இன்னதென்று அறியாத சிறுவன், தந்தையைப் பற்றி வினவவில்லை. தவளைகள் வெளியே வந்துவிடுமா என்றே பாட்டியிடம் கேட்டான்.

கணவனை இழந்த தாய், மகனுடன் நிழ்னி நோவ்கொரோட் நகரில் இருந்த தன் தந்தை காஷிரினின் வீட்டை அடைந்தாள். காஷிரின் சாயப் பட்டறை வைத்திருந்தார். சாயத்தின் நெடி வீடெங்கும் நிறைந்திருந்தது. பகைமையின் நெடி அதனினும் மிக்கிருந்தது. மாமன்மார் இருவரும் சொத்தைப் பிரித்துத் தருமாறு உணவு மேசையிலேயே கட்டிப் புரண்டு சண்டையிட்டனர்.

சனிக்கிழமை மாலை வழிபாட்டுக்குப் புறப்படுமுன், அவ்வாரம் குற்றம் செய்த பேரப்பிள்ளைகளை நீரில் ஊறிய மிலாறுகளால் அடிப்பது பாட்டனாரின் வழக்கம். வெண்துணி எவ்வாறு நீலமாகிறது என்பதை அறியும் ஆவலில், அலெக்சி விழா நாளுக்குரிய மேசை விரிப்பைச் சாயத் தொட்டியில் தோய்த்துவிட்டான். அறிவு நாட்டம் அவ்வீட்டில் குற்றமாயிற்று. பாட்டி தடுத்தும் பயனில்லை. உணர்விழக்கும்வரை அவனைப் பாட்டனார் அடித்தார். பின்னர்ப் பல நாள் அவன் நோயுற்றுக் கிடந்தான்.

அந்நாளில் அவனைக் காண வந்தான் பட்டறைத் தொழிலாளியாகிய ஒரு வாலிபன். அவனை எல்லோரும் ‘ஜிப்சி’ என்றே அழைத்தனர். பிறந்தபோதே அவ்வீட்டு வாயிலில் எவரோ விட்டுச்சென்ற குழந்தை அவன். பாட்டியே அவனை எடுத்து வளர்த்தாள். அவன் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். கை முழுதும் சிவந்து தடித்திருந்தது. மிலாறு முறியட்டும் என்று கருதி, சிறுவன்மேல் விழ வேண்டிய அடிகளைத் தன் கையை நீட்டித் தாங்கியிருந்தான். இவ்விளைஞனும் நெடுநாள் வாழவில்லை. மாமன் ஒருவன் தன் மனைவியின் கல்லறையில் நட விரும்பிய கனத்த சிலுவையை முதுகில் சுமந்து சென்றபோது, அதன்கீழ் நசுங்கி உயிர் நீத்தான். அம்மனைவியோ கணவனின் அடியால் மடிந்தவள்!

இத்தகைய பாட்டனாரைக் கொடியவர் என்று மட்டும் எழுதிச் செல்லுதல் எளிது. கார்க்கி அவ்வாறு செய்யவில்லை. அடித்த பாட்டனாரே சில நாளில் தின்பண்டங்களுடன் பேரனின் படுக்கையருகே வந்து அமர்கிறார். இளமையில் வால்கா ஆற்றங்கரையில் படகுகளை மார்பில் கட்டிய கயிற்றால் இழுத்துச் சென்ற கதையைக் கூறுகிறார். காலில் கல் குத்த, வெயில் எரிக்க, பொதிமாடுபோல் உழைத்தவர் அவர். தாம் அடிபட்டு வளர்ந்ததையும் மறைக்காது சொல்கிறார். எழுத்தறிவித்தவரும் அவரே. நூலின் ஆற்றல் இவ்விடத்தில்தான் மிகுதியாக விளங்குகிறது. வெறுக்கத் தொடங்கிய சிறுவனுக்கு அவரை முற்றும் வெறுக்க இயலவில்லை; படிப்போருக்கும் இயலுவதில்லை.

பாட்டி அக்குலினாவோ வேறு இயல்பினள். கணவனிடம் அவளும் அடிபட்டவளே. ஆயினும் இரவில் பேரனுக்குப் பழங்கதைகள் பலவற்றை இசையோடு கூறுவாள். பட்டறை தீப்பற்றியபோது எரியும் கட்டடத்துள் புகுந்து, வெடிக்கக்கூடிய திராவகக் கலத்தைத் தூக்கி வந்தாள். பாட்டனாரின் கடவுள் தண்டிப்பவர். பாட்டியின் கடவுளோ எல்லா உயிர்க்கும் நண்பர். ஒரே வீட்டில் இரு கடவுளர் வாழ்வதாகச் சிறுவன் எண்ணினான்.

தாய் மறுமணம் செய்துகொண்டாள். ஒருநாள் அவளை மாற்றாந்தந்தை காலால் உதைக்கக் கண்ட அலெக்சி, ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்து அவனைக் குத்த முயன்றான். தாய் அவனைத் தள்ளிவிட்டதால் பெருந்தீங்கு நேரவில்லை. அடியை வெறுத்த சிறுவனின் கையிலும் கத்தி ஏறிய அக்கணத்தைக் கார்க்கி மறைக்கவுமில்லை, நியாயப்படுத்தவுமில்லை.

பாட்டனாரின் செல்வம் கரைந்தது. முதுமையில் கணவனும் மனைவியும் தனித்தனியே செலவு செய்தனர். தேயிலையைக்கூட அவர் எண்ணிப் பார்த்துப் போட்டார். அலெக்சி தெருக்களில் கந்தலும் எலும்பும் பொறுக்கி விற்றுப் பாட்டியிடம் காசு கொடுத்தான். பள்ளியில் அவனைக் கந்தல் பொறுக்கி என்று இகழ்ந்தனர். எனினும் தேர்வில் சிறந்து நூல்களைப் பரிசாகப் பெற்றான். அவற்றுடன் வீடு திரும்பியபோது பாட்டி நோயுற்றுப் படுத்திருந்தாள், கையில் காசில்லை. பரிசு நூல்களைக் கடையில் விற்று, கிடைத்த சில்லறையை அவளிடம் தந்தான்.

1879-ஆம் ஆண்டில் தாய் காச நோயால் இறந்தாள். அடக்கம் முடிந்த சில நாளில் பாட்டனார் அவனை அழைத்து, இனி இவ்வீட்டில் இடமில்லை, வெளியே சென்று பிழைத்துக்கொள் என்றார். அப்போது அவனுக்கு வயது 11.